ஒன்றரை டன் குளிர்: அளவை, உடல், அதிகாரம் குறித்துச் சில குறிப்புகள்

1

ஏசி வாங்கக் கடைக்குப் போகிறவரிடம் முதலில் கேட்கப்படுவது 'எத்தனை டன்?' என்பதுதான். அறையின் நீள அகலத்தைச் சொன்னால் ஒரு டன் என்றோ ஒன்றரை டன் என்றோ பதில் வந்துவிடும். எதனுடைய டன் என்று வாங்குகிறவரும் கேட்பதில்லை, விற்கிறவரும் சொல்வதில்லை. போன சித்திரையில் எங்கள் வீட்டு மெஷினைப் பார்க்க வந்த மெக்கானிக் தம்பியிடம் கேட்டேன். 'வெயிட்டு இல்ல சார். கூலிங் கணக்கு. எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க' என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் ஒரு காலத்தில் அது நிஜமாகவே எடைதான். ஒரு டன் பனிக்கட்டி (அமெரிக்க டன், 907 கிலோ) 24 மணி நேரத்தில் முழுக்க உருகுவதற்கு எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ அதுவே ஒரு டன் குளிர்ச்சி. இன்றைய கணக்கில் ஏறத்தாழ மூன்றரை கிலோவாட். எந்திரம் வருவதற்கு முன்பு குளிர்ச்சி கட்டியாக, எடை போட்டு, கப்பலேற்றி விற்கப்பட்டது. அந்த வியாபாரம் ஒழிந்துவிட்டது. அளவை மட்டும் தங்கிவிட்டது.

சென்னைக்காரர்கள் இதைத் தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. மெரினா கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று பெயர் தாங்கி நிற்கும் வட்டவடிவக் கட்டடம் ஜனங்களின் வாயில் இன்னும் ஐஸ்ஹவுஸ்தான். பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடரின் பனிக்கட்டிகளைச் சேமிப்பதற்காக 1840களில் எழுந்த கிடங்கு அது. அவருடைய சரக்கு 1833இல் முதன்முதலாகக் கல்கத்தா வந்தது. 180 டன்னோடு புறப்பட்ட கப்பல், நான்கு மாதக் கடலில் உருகியது போகச் சுமார் 100 டன்னோடு வந்து சேர்ந்தது. கட்டிகள் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளங்களில் வெட்டப்பட்டவை. 1846-47 குளிர்காலத்தில் வால்டன் குளத்தில் வெட்டியபோது கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் தோரோ. தன் கிணற்று நீரைச் சென்னைவாசிகளும் பருகுகிறார்கள் என்ற மகிழ்ச்சி அவருடைய 'வால்டன்' நூலில் பதிவாகியிருக்கிறது. சென்னையில் யார் பருகினார்கள் என்ற கேள்வி அந்தப் பிரதிக்குள் எழவில்லை.

பருகியவர்கள் பெரும்பாலும் பங்களாவாசிகள். அதே பங்களாக்களின் உத்தரத்தில் பங்கா தொங்கியது. அதன் கயிறு சுவரைத் தாண்டி வெளியே போகும். வராந்தாவில் குந்தியிருக்கும் ஒரு கூலியாள் ராத்திரியெல்லாம் அதை இழுத்துக்கொண்டிருப்பார். உள்ளே ஓர் உடல் குளிர்வதற்கு வெளியே ஓர் உடல் வேர்க்க வேண்டியிருந்தது. மின்விசிறி வந்ததும் அந்த ஆள் போய்விட்டார். அவருடைய இடம் போகவில்லை என்பதே இக்குறிப்புகளின் வாதம்.

குளிர்ச்சி என்று ஒரு பொருள் உற்பத்தி செய்யப்படுவதில்லை. வெப்பத்தை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் போடுகிறார்கள், அவ்வளவுதான். எங்கே போடுகிறார்கள், யார் மேல் போடுகிறார்கள் என்று கேட்காமல் குளிர்ச்சியைப் பற்றிப் பேசவே முடியாது. சூடேறும் பூமிக்கேற்பக் குளிர்சாதனங்களைத் தகவமைப்பது என்று இன்று பெருகிவரும் சொல்லாடலோ, இந்தக் கேள்வியைத் தொடாமலே பேசப் பழகிக்கொண்டிருக்கிறது.

2

ஏசி யாருக்காகப் பிறந்தது? மனிதருக்காக அன்று, காகிதத்துக்காக. 1902இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்த ஓர் அச்சகத்தில், காற்றின் ஈரத்தால் தாள் விரிந்து சுருங்கி வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழாமல் போயின. அதற்குத் தீர்வாகத்தான் வில்லிஸ் கேரியர் தன் கருவியை வடிவமைத்தார். ஆங்கிலத்தில் 'காற்றைப் பதப்படுத்துதல்' என்ற பொருள்படும் சொல் 1906இல் புழக்கத்துக்கு வந்ததும் மனிதரை முன்னிட்டு அன்று. வட கரோலினாவின் நூற்பாலைப் பொறியாளர் ஸ்டூவர்ட் கிரேமர், நூல் அறுந்துவிடாமலிருக்க ஆலைக் காற்றில் ஈரம் கூட்டும் தன் முறைக்கு அப்பெயரைச் சூட்டினார். கோவைப் பக்கத்து மில்களில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பஞ்சுக்கு ஏற்ற காற்று மூச்சுக்கு ஏற்ற காற்றாக இருந்ததில்லை. நூல் அறாமல் இருந்தது, உடம்பு நனைந்துகொண்டே இருந்தது.

உடல் பின்னால்தான் கணக்கில் ஏறியது. ஏறிய உடல் எது என்பதே கேள்வி. 1941இல் உடைக்கு ஓர் அளவை உருவாக்கப்பட்டது. அதன் பெயர் 'க்ளோ'. 21 டிகிரி அறையில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு இதமாக இருக்க எவ்வளவு உடை வேண்டுமோ அது ஒரு க்ளோ. அதாவது கோட்டும் சூட்டும் அணிந்த ஓர் ஆள். அதோடு, உடல் உள்ளே எவ்வளவு வெப்பத்தை உண்டாக்குகிறது என்பதற்கும் ஒரு நிலையான எண் சேர்ந்தது. அந்த எண் நடுவயது ஆண் ஒருவரின் உடலை வைத்து அமைந்தது என்றும், பெண்களின் உடல் வெப்ப உற்பத்தியை அது 35 விழுக்காடு வரை கூட்டிக் காட்டக்கூடும் என்றும் 2015இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் எழுதினார்கள். அலுவலகத்தில் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு கைகளைத் தேய்த்தபடி வேலை செய்யும் பெண்ணுக்கு இந்த ஆய்வு புதுச் செய்தியாக இருந்திருக்காது. சேலைக்கு எத்தனை க்ளோ என்று அளந்து பார்க்கும் ஆய்வுகள் வெகுகாலம் கழித்தே வந்தன. அளவை முதலில், உடல் பிறகு. அளவையில் அடங்காத உடல் குறையுள்ள உடலாகிவிடுகிறது. 'உங்களுக்கு மட்டும்தாங்க குளிருது' என்று சொல்லிவிடுகிறார்கள்.

நம்மூர் ஜவுளிக்கடைகளை எடுத்துக்கொள்வோம். கதவைத் திறந்தால் சில்லென்று காற்று முகத்தில் அடிக்கிறது. அந்தக் குளிர்ச்சி வாடிக்கையாளரைத் தங்கவைப்பதற்கானது. அதே குளிரில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்ற விற்பனைப் பெண்களுக்கு உட்கார ஒரு முக்காலி வேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. 24 டிகிரி எல்லோருக்கும் ஒன்றுதான். அந்த 24 டிகிரிக்குள் உட்கார்ந்து புடவை பார்ப்பவரும், நின்று புடவை விரிப்பவரும் ஒன்றல்ல. வெப்பநிலை என்கிற ஒற்றை எண் இந்த வேறுபாட்டைப் பார்வையிலிருந்து அழிக்கிறது. எந்திரத்தின் அதிகாரம் பெருமளவும் இந்த அழிப்பில் இருக்கிறது.

3

இனி எந்திரத்தின் தகவமைப்புக்கு வருவோம். கொஞ்சம் பௌதிகம் பேசாமல் இதைக் கடக்க முடியாது. நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டு ஏசியின் திறனைச் சோதிக்கும் சர்வதேசத் தரத்தில் வழக்கமான சோதனைக்கு வெளிவெப்பம் 35 டிகிரி. அதற்கு 'மிதமான' தட்பவெப்பம் என்று பெயர். வெப்பப் பிரதேசத்துக்கென 46 டிகிரியில் தனிச் சோதனை உண்டு. ஆனால் உலகச் சந்தை முதல் எண்ணைத்தான் இயல்பாக்கியது. இந்திய நட்சத்திரக் கணக்கு 24 முதல் 43 டிகிரி வரையிலான வெளிவெப்பத்தை ஆண்டுக்கு 1600 மணி நேரத்துக்குப் பிரித்துப் போட்டுப் பார்க்கிறது. இது ஒரு முன்னேற்றம்தான். ஆயினும் நாடு முழுமைக்கும் ஒரே சராசரி ஆண்டு. சென்னையின் புழுக்கமும் ராஜஸ்தானின் அனலும் அந்த ஒரே ஆண்டுக்குள் கரைந்துவிடுகின்றன. அச்சிட்ட நட்சத்திரம் ஒரு கற்பனை ஊருக்கானது.

வெளியே சூடு ஏற ஏற எந்திரத்துக்கு என்ன நேர்கிறது? வெப்பம் தானாக மேட்டில் ஏறாது, தள்ளி ஏற்ற வேண்டும். உள்ளே 24, வெளியே 35 என்றால் பௌதிக விதி அனுமதிக்கும் உச்ச வரம்பில் ஒரு பங்கு மின்சாரத்துக்கு 27 பங்கு வெப்பத்தை வெளியேற்றலாம். வெளியே 45 என்றால் அந்த வரம்பு 14ஆகப் பாதிக்கு விழுகிறது. நிஜ எந்திரம் இந்த வரம்புக்கு வெகு கீழே, மூன்று நான்கு பங்கில்தான் ஓடுகிறது. ஆனால் சரியும் திசை ஒன்றுதான். அதிகம் தேவைப்படும் நாளில்தான் அது குறைவாகக் குளிர்விக்கிறது, அதிகமாக மின்சாரம் குடிக்கிறது. ஊரில் எல்லோரும் அதே நேரத்தில் அதைப் போட்டிருக்க, டிரான்ஸ்ஃபார்மர் வெடிப்பதும் அந்த ராத்திரியில்தான்.

ஒன்றரை டன் எந்திரம் உள்ளிருந்து எடுக்கும் வெப்பம் ஐந்தேகால் கிலோவாட். அது தின்னும் மின்சாரம் ஒன்றரை கிலோவாட் என்று வைத்துக்கொண்டால், வெளியே ஊதித் தள்ளுவது இரண்டும் சேர்ந்து ஏழு கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவு. எடுத்ததைவிடக் கூடுதலாகத்தான் அது எப்போதும் வெளியே போடும். எங்கே போடுகிறது? காற்றே புகாத சந்துக்குள், அடுக்குமாடிகளுக்கு இடைப்பட்ட குடையில், நடைபாதையில் பழம் விற்பவர் முதுகில், பக்கத்து வீட்டுச் சன்னலில். அடுக்கடுக்காக மாட்டிய வெளி யூனிட்டுகளில் கீழ் மாடிக்காரர் ஊதிய அனலை மேல் மாடி யூனிட் இழுத்துக்கொள்கிறது. அதற்கு வெளிவெப்பம் வானிலை நிலையம் சொல்லும் எண் அன்று, கீழ் வீட்டின் வெளிமூச்சு. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரம் குறித்த 2014ஆம் ஆண்டு ஆய்வொன்று, ஏசிகள் தள்ளும் வெப்பத்தால் மட்டும் சில இடங்களில் இரவு வெப்பம் 1 டிகிரிக்கு மேல் உயர்வதாகக் கணக்கிட்டது. அந்த ஒரு டிகிரியைச் சமாளிக்க உள்ளே இருப்பவர் ஏசியைக் கூட்டுவார். ஏசி இல்லாதவர் என்ன செய்வார்? மாடியில் போய்ப் படுப்பார், மாடி இருந்தால்.

பங்கா இழுத்தவர் உட்கார்ந்திருந்த அதே இடத்தில், சுவருக்கு வெளியே, இப்போது யூனிட் தொங்குகிறது. முன்பு அங்கே ஒருவருக்குக் கூலியாவது கிடைத்தது. இப்போது அந்த இடத்தில் நிற்க நேர்கிறவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்.

இன்னொன்று. தமிழில் வெயில், வெக்கை, அனல், காங்கை, புழுக்கம் என்று வேறு வேறு சொற்கள் இருக்கின்றன. இவை ஒரே அனுபவத்தின் வேறு பெயர்கள் அல்ல. புழுக்கம் என்றால் வேர்வை காயாத நிலை. வெக்கையில் உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் முக்கிய வழி வேர்வை ஆவியாவது. காற்று ஏற்கெனவே நீரால் கனத்திருந்தால் அந்த வழி அடைபடுகிறது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி 35 டிகிரி காட்டினால் மனித உடல் தாங்காது என்று 2010இல் கணித்தார்கள். 2022இல் ஆரோக்கியமான இளைஞர்களை வைத்து அமெரிக்காவில் செய்த சோதனைகள் அந்த எல்லையை ஏறத்தாழ 31க்கு இறக்கின. ஏசியின் ரிமோட்டுக்கோ புழுக்கம் தெரியாது, அதற்குத் தெரிந்தது டிகிரி மட்டும். மின்சிக்கனத்துக்காக மெல்ல ஓடும்படி வடிவமைத்த எந்திரங்கள் ஈரத்தைக் குறைவாகவே பிழிகின்றன. கடலோரவாசி 24இல் வைத்துப் பார்க்கிறார். பிசுபிசுப்பு போகவில்லை. 18க்கு இறக்குகிறார். உடனே அவருக்கு ஒழுக்க போதனை தொடங்குகிறது. 2020 சனவரி முதல் நட்சத்திர ஏசிகள் யாவும் 24இல்தான் தொடங்க வேண்டும் என்று விதி வந்தது. 2025 சூனில் 20க்குக் கீழே இறங்க முடியாதபடி செய்யப்போவதாக மத்திய அமைச்சர் அறிவித்தார். மின்சாரம் மிச்சமாகும், மறுக்கவில்லை. ஆனால் எந்திரத்தின் வடிவமைப்பில் இருக்கிற குறை பயன்படுத்துகிறவரின் குணக்கேடாக மாற்றி எழுதப்படுவதைக் கவனிக்க வேண்டும்.

4

அரசின் பிரதி ஒன்றை வாசிப்போம். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2019 மார்ச்சில் வெளியிட்ட 'இந்தியக் குளிர்வித்தல் செயல்திட்டம்'. இதைக் கேலி செய்து ஒதுக்கிவிட முடியாது. 20 ஆண்டுத் தொலைநோக்கோடு குளிர்வித்தலுக்கென்றே ஒரு திட்டம் வகுத்தது பெரிய காரியம். மின்விசிறியையும் கட்டட வடிவமைப்பையும் ஏழைகளின் குடியிருப்பையும் அது பேசுகிறது. 'அனைவருக்கும் வெப்ப இதம்' என்பது அதன் முழக்கம்.

அதன் எண்களைப் பார்க்கலாம். இந்திய வீடுகளில் அன்று ஏறத்தாழ 8 விழுக்காட்டில்தான் ஏசி இருந்தது. 2037-38இல் அது 40 விழுக்காடாகும் என்பது திட்டத்தின் மதிப்பீடு. மொத்தக் குளிர்ச்சித் தேவை எட்டு மடங்காகும். ஆகவே தேவையை 20 முதல் 25, குளிர்பொருள் பயன்பாட்டை 25 முதல் 30, மின்சாரத்தை 25 முதல் 40 விழுக்காடு வரை குறைக்க வேண்டும். இவை இலக்குகள்.

இங்கே பிரதியின் மௌனத்தைக் கேட்க வேண்டியிருக்கிறது. தேவைக்கு இலக்கு உண்டு, வாயுவுக்கு உண்டு, மின்சாரத்துக்கு உண்டு. வெளியே தள்ளப்படும் வெப்பம் யார் மேல் விழுகிறது என்பதற்கு இலக்கு இல்லை. 40 விழுக்காட்டு வீடுகளில் ஏசி என்ற அதன் வெற்றிக் கணக்கைத் திருப்பிப் போட்டால் 60 விழுக்காட்டு வீடுகளில் அது இல்லை என்று வருகிறது. அந்த 60, மற்ற 40இன் அனலையும் சேர்த்துச் சுமக்கும் 60. 'அனைவருக்கும்' என்ற சொல் இந்த உறவை மறைத்து, இரு தரப்பையும் ஒரே வரிசையில் முன்னே பின்னே நிற்பவர்கள்போலக் காட்டுகிறது. இன்று அவருக்கு, நாளை உனக்கு. வளர்ச்சி பற்றிய பெருங்கதையாடல்கள் எல்லாம் இப்படித்தான் நேரத்தைக் காட்டி இடத்தை மறைத்து வந்திருக்கின்றன.

குளிர்பொருளின் கதையும் இதற்கு அண்டைவீடுதான். அமோனியாவும் கந்தக டை ஆக்சைடும் ஆளைக் கொல்லும் என்பதால், 1930 வாக்கில் தாமஸ் மிட்ஜ்லி தரப்பினர் சி.எஃப்.சி.யைக் கொண்டுவந்தார்கள். அவர் அதை மூச்சில் இழுத்து மெழுகுவத்தியை ஊதி அணைத்துக் காட்டினார். அறைக்குள்ளே பத்திரம். பத்திரமின்மை ஓசோன் மண்டலத்துக்குப் போயிற்று. 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தம் அதைத் தடுத்தது. மாற்றாக வந்த எச்.எஃப்.சி. ஓசோனைத் தொடாது, பூமியைச் சூடேற்றும். வீட்டு ஏசிகளில் ஓடும் ஆர்-410ஏ என்ற கலவை ஒரு கிலோ கசிந்தால் 2000 கிலோவுக்கு மேற்பட்ட கரியமில வாயுவுக்குச் சமம். அதைக் குறைக்க 2016இல் கிகாலி திருத்தம் வந்தது. இந்தியா 2021இல் ஏற்றது. 2047க்குள் 85 விழுக்காடு குறைப்பதாக வாக்கு. இப்போது மாற்று புரொப்பேன், ஆர்-290. சூடேற்றும் ஆற்றல் மிகக் குறைவு, ஆனால் தீப்பிடிக்கும். ஆபத்து வானத்திலிருந்து இறங்கி இப்போது எங்கே வந்து நிற்கிறது? மூன்றாவது மாடி விளிம்பில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு வெல்டிங் பற்றவைக்கும் அந்த மெக்கானிக் தம்பியின் கைக்கு.

செயல்திட்டம் 2022-23க்குள் ஒரு லட்சம் பழுதுநீக்குநருக்குப் பயிற்சியும் சான்றிதழும் என்றது. நல்லது. எங்கள் தம்பியிடம் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டேன். சிரித்தார். 'ஓனர்கிட்ட இருக்குதான்னே தெரியாது சார். பழைய கேஸ காத்துல விடாதேன்னு சொல்றாங்க. அத புடிக்கிற மெஷின் யாரு வாங்கித் தருவா? ஒரு நாளைக்கு ஏழு வீடு பாக்கணும்.' அவருடைய இடுப்பில் கயிறு இல்லை. சித்திரையும் வைகாசியும் அவருக்கு சீசன். வெயில் உச்சத்தில்தான் அழைப்பு வரும், வெளி யூனிட் பக்கத்தில் நின்றுதான் வேலை. நகரத்தின் குளிர்ச்சியைத் தாங்கிப் பிடிக்கிறவர் நகரத்தின் அதிகபட்ச வெப்பத்தில் நிற்கிறார். இதை முரண் என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். எனக்கு இது முரணாகத் தெரியவில்லை, அமைப்பாகத்தான் தெரிகிறது.

5

இந்த அமைப்பை எதிர்க்கப் புறப்படுகிற நம் நண்பர்களோடும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

கோட்டு சூட்டு உடலை அளவாக வைத்த தரத்துக்கு எதிராக ஓர் ஆய்வு மரபு உருவாயிற்று. மனிதர் தாம் வாழும் தட்பவெப்பத்துக்குத் தம்மைப் பழக்கிக்கொள்கிறார்கள், வெளிச்சூழலைப் பொறுத்து இதத்தின் எல்லையும் நகர்கிறது என்பது அதன் சாரம். இந்தியாவில் அகமதாபாத், பெங்களூர், சென்னை, தில்லி, சிம்லா ஆகிய ஐந்து நகரங்களின் அலுவலகங்களில் ஆட்களைக் கேட்டு உருவாக்கிய மாதிரி, 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பில் இடம்பெற்றது. நம் உடலை நாமே அளந்துகொண்டோம் என்ற வகையில் இது முக்கியமான காரியம். சன்னல் திறந்த கட்டடத்தில் மின்விசிறியின் கீழ் இருப்பவருக்கு 22 டிகிரி தேவையில்லை என்று ஆதாரத்தோடு சொல்ல முடிந்தது.

ஆனால் 'பழக்கம்' என்ற சொல் கைமாறும்போது என்ன ஆகிறது? 'அவங்களுக்கு வெயில் பழகிப்போச்சு சார்.' கட்டட மேஸ்திரியிலிருந்து அடுக்குமாடிச் சங்கச் செயலாளர் வரை இந்த வாக்கியத்தைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். காவலாளியின் தகரக் கூண்டுக்கு ஏன் ஒரு விசிறி இல்லை என்று கேட்டபோது கிடைத்த பதிலும் இதுதான். சில உடல்கள் இயல்பிலேயே வெயிலுக்கு உரியவை, சில உடல்கள் நிழலுக்கு உரியவை என்பது இந்த மண்ணில் மிகப் பழைய ஏற்பாடு. களத்துமேட்டில் நின்றவர் யார், திண்ணையில் இருந்தவர் யார் என்று கேட்டால் போதும். பழக்கத்தின் அறிவியல் இந்த ஏற்பாட்டுக்கு மறுபடியும் ஒரு நியாயம் ஆகிவிடக்கூடாது. அலுவலக ஊழியரைக் கேட்டு அறிந்த இதத்தின் எல்லையை, கேட்கப்படாத கல்லுடைப்பவருக்கு நீட்ட முடியாது.

இரண்டாவது, மரபின் மீதான ஏக்கம். வெப்பத்துக்குத் தீர்வு நம் முன்னோரிடம் இருந்தது, முற்றம் வைத்த வீடு, சுண்ணாம்புச் சுவர், மெட்ராஸ் டெரஸ் என்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டின் முற்றத்தில் காற்று எப்படிச் சுழல்கிறது என்று படம் போட்டு விளக்குகிறார்கள். கட்டடக்கலையாக அது உண்மை. ஆனால் அந்த முற்றம் எத்தனை பேருக்கு இருந்தது? அதைக் கழுவியவர்களின் வீட்டுக் கூரை எது? கீற்று. கீற்றும் குளிர்ச்சிதான், ஆனால் தீப்பற்றும், ஒழுகும். 2010இல் தமிழக அரசு குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் திட்டம் கொண்டுவந்தபோது மக்கள் வரவேற்றதற்குக் காரணம் அது கௌரவத்தின் கேள்வி என்பதே. அந்தத் தளம் பகலெல்லாம் வாங்கிய வெயிலை ராத்திரி உள்ளே இறக்குகிறது என்பதும் உண்மை. 'குடிசையே நல்லதுதானே' என்று வெளியிலிருந்து சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அந்தத் தளத்தின் மேல் ஒரு வெள்ளைப் பூச்சு ஏன் திட்டத்தோடு சேர்ந்து வரவில்லை என்று கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு.

மூன்றாவது, ஏசியே பாவம் என்கிற துறவுநிலை. நான் எழுதிக்கொண்டிருக்கிற அறையில் ஏசி ஓடுகிறது என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அது பாவமும் அல்ல, உரிமைச் சாசனமும் அல்ல. எங்கள் தெருமுனையில் மீன் விற்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். காசிமேட்டிலிருந்து விடியலில் சரக்கு எடுப்பவர். 'முன்னெல்லாம் ஒருவாட்டி ஐஸ் போட்டா மத்தியானம் வரைக்கும் நிக்கும் தம்பி. இப்போ பத்து மணிக்கே தண்ணியா ஓடுது. இன்னொருவாட்டி வாங்கணும். மீனு விலைய ஏத்தினா நீங்க சண்டைக்கு வருவீங்க.' அவருக்குக் குளிர்ச்சி ஆடம்பரம் அன்று. இன்சுலின் போட்டுக்கொள்கிற, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வசிக்கிற ஒருவருக்கு ஃபிரிட்ஜ் ஆடம்பரம் அன்று. 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய தடுப்பூசி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கெடாமல் இருப்பதும் ஆடம்பரம் அன்று. குளிர்ச்சியை நிராகரிக்கிற அரசியல் இவர்களிடமிருந்துதான் முதலில் பிடுங்கும். பங்களாவிடமிருந்து எவரும் இதுவரை பிடுங்கியதில்லை.

6

2024 அக்டோபர் 6. மெரினாவில் விமானப்படையின் சாகச நிகழ்ச்சி. லட்சக்கணக்கில் ஜனம். கத்திரி இல்லை, சித்திரை இல்லை, புரட்டாசி. வெயிலிலும் நெரிசலிலும் தாகத்திலும் பலர் மயங்கி விழுந்தார்கள். ஐந்து பேர் இறந்துபோனார்கள். அந்த மணலுக்கு எதிரே, சாலையைக் கடந்தால், வட்டவடிவக் கட்டடம் நிற்கிறது. கடல் கடந்து வந்த பனிக்கட்டியை உருகாமல் காக்க அத்தனை கவனத்தோடு கட்டப்பட்ட கட்டடம். அதற்கெதிரே நின்ற உடல்களைக் காக்க நிழலும் தண்ணீரும் போதவில்லை. அதே மாதம் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். செத்த பிறகு உடல் கணக்கில் ஏறுகிறது. அதற்கு முன்பே ஏறுவதற்கு என்ன வழி என்பதுதான் நம்முன் உள்ள கேள்வி.

சிறு அசைவுகள் தெரிகின்றன. 2025இல் சென்னை மாநகராட்சி, உணவு கொண்டுபோய்க் கொடுக்கிற பையன்களுக்கும் பெண்களுக்குமாகச் சாலையோரத்தில் ஏசி ஓய்வறை திறந்தது. கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. குளிர்ச்சியைத் தனியார் சுவருக்குள்ளிருந்து எடுத்துத் தெருவில் வைத்தது அந்த அறை. குளிர்ந்த காற்றில் உட்கார எதையும் வாங்க வேண்டியதில்லை என்பதை ஏற்றுக்கொண்டது. ஓர் அறையால் ஊர் குளிராது என்பது வேறு விஷயம். பேருந்து நிலையம், அரசு மருத்துவமனையின் காத்திருப்புக் கூடம், மேல்மாடி வகுப்பறை, பிரசவ வார்டு என்று இந்தத் தர்க்கத்தை நீட்டிப் பார்த்தால் தனித்தனிப் படுக்கையறைகளைக் குளிர்விப்பதிலிருந்து வேறான ஒரு தகவமைப்பு கண்ணில் படுகிறது. உச்சி வெயிலில் வேலையை நிறுத்தும் நேரக் கட்டுப்பாடும் ஒரு குளிர்சாதனம்தான். அதற்கு மின்சாரம் வேண்டாம், முதலாளியின் சம்மதம் வேண்டும். ஒருவேளை அதனால்தான் அது எந்த நட்சத்திரப் பட்டியலிலும் வருவதில்லை.

உலகில் 2018 வாக்கில் 160 கோடி ஏசிகள் இருந்தன. 2050இல் 560 கோடியாகும் என்று சர்வதேச எரிசக்தி முகமை அப்போது மதிப்பிட்டது. இவை வரத்தான் போகின்றன. வேண்டாம் என்று சொல்லும் யோக்கியதை ஏற்கெனவே வைத்திருக்கிறவர்களுக்கு இல்லை. கேட்க முடிந்தது ஒன்றுதான். ஒவ்வொரு டன்னுக்கும் இரண்டு பக்கம் உண்டு. உள்பக்கக் கணக்கை எந்திரத்தின் மேல் நட்சத்திரமாக ஒட்டுகிறோம். வெளிப்பக்கக் கணக்கை எங்கே எழுதுவது? கட்டட அனுமதி கொடுக்கிறவர் 'இந்தச் சூட்டை எங்கே விடப்போகிறீர்கள்?' என்று கேட்கும் ஒரு காலம்கூட விண்ணப்பத்தில் இல்லாதவரை, தகவமைப்பு என்று நாம் சொல்வது வெப்பத்தை அடுத்தவர் பக்கம் தள்ளிவிடும் திறமையின் பெயராகத்தான் இருக்கும்.

வேலை முடித்துப் புறப்பட்ட மெக்கானிக் தம்பி ஒரு சொம்பு தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, 'வெளி யூனிட்ட கொஞ்சம் தள்ளி மாட்டியிருக்கலாம் சார். எதிர் வீட்டு ஜன்னலுக்கு நேரா அடிக்குது' என்றார். ஆறு வருஷமாக அது அங்கேதான் இருக்கிறது. எதிர் வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் நான் எட்டிப் பார்த்தேன். சன்னலை அட்டை வைத்து அடைத்திருந்தார்கள்.